சிறுதேரும் சரக்கு வண்டியும்

ஏட்டுக்கல்வி வேறு, கைத்தொழில் வேறு, விளையாட்டு வேறு என்று மூன்றாகப் பகுத்து, முதலாவதைக் கலாசாலைக்கும், இரண்டாவதைப் பட்டறைக்கும், மூன்றாவதைத் தெருவுக்கும் ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மவரிடத்தே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. இம்மூன்றும் ஒரே மேசையின்மேல் கூடுதற்கு இடமுண்டென்பதும், அங்ஙனம் கூடுங்கால் ஒவ்வொன்றும் மற்றையிரண்டால் சிறப்பெய்தும் என்பதும் நமது துணிபு. இதனை நாட்டுதற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்கு மிகச் சிறியது. வானொலி அலையால் தூரத்திலிருந்து இயக்கப்படும் சிறு லாரி ஒன்றற்கு, கழித்தெறியப்பட்ட உதிரிப் பொருள்களைக் கொண்டு, உண்மை வண்டியின் அளவுக்கு இசைய ஒரு டிரெய்லர் செய்தலே அது. ‘இதுவும் கட்டுரைக்கு ஒரு பொருளோ?’ என்று அன்பர்கள் முகஞ்சுளியாமல் இறுதிவரை வாசிக்க வேண்டுகின்றோம்.

சிறிய வண்டி செய்து ஓட்டுதல் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலையிற் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், அத்துறைமுகத்திற் குவிந்த சரக்குகளையும் அவற்றின்மேற் புலிமுத்திரை இட்ட சுங்க அலுவலரையும் வருணிக்கும் அதே பாட்டில், செல்வர் வீட்டுச் சிறுவர் உருட்டித் திரிந்த, குதிரை பூட்டாத, மூன்று சக்கரமுடைய சிறிய தேரையும் மறவாது குறிக்கின்றார். ஆண்பாற் பிள்ளைத்தமிழ் நூல்கள் சிறுதேர் உருட்டுதலைப் பத்துப் பருவங்களுள் ஒன்றாக வைத்துப் பாடுகின்றன. நுங்கு தீர்ந்த பனங்காய்களைச் சக்கரமாக்கிக் கவைக்கோல் மாட்டிக் கிராமத்துப் பிள்ளைகள் ஓட்டும் வண்டியும், தேய்ந்த செருப்பை வட்டமாக அறுத்துச் செய்யும் வண்டியும் அத்தேரின் வழிவந்தவையே. பெரிய வண்டி ஓடும் ஊரில் அதனைப் பார்த்துச் சிறிய வண்டியும் ஓடும். துறைமுகமும் சிறுதேரும் ஒரே பாட்டில் இடம்பெற்றது இதனாலேதான் போலும்.

நிற்க. நம் காலத்துக் காவிரிப்பூம்பட்டினம் என்று சொல்லத்தக்க பகுதி, சென்னையின் வடபால் இராயபுரந்தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர்வரை கடலையொட்டி நீண்டு கிடக்கின்றது. 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியதே தென்னிந்தியப் பயணி ரயில் போக்குவரத்தின் பிறப்பு. அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1956 ஏப்ரல் 26-இல், அமெரிக்க நாட்டில் லாரித் தொழில் நடத்திவந்த மால்கம் மெக்லீன் என்பார் ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சரக்கை ஏற்றி இறக்கும் பழைய முறை மாறி, பெட்டியோடு தூக்கிக் கப்பலினின்றும் வண்டிக்கு மாற்றும் புதுமுறை உலகெங்கும் பரவுதற்கு அப்பயணமே வித்து. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் தோன்றியது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் தொடங்கப்பட்டது. அதுவே இன்று காமராசர் துறைமுகம் எனப் பெயர் பூண்டுள்ளது. எண்ணூரிலேயே, 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரோடு பிறந்து 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய லாரித் தொழிற்சாலையும் இருக்கின்றது. வண்டி பிறப்பதும் இங்கே. வண்டி ஓடுவதும் இங்கே. ஓய்ந்த வண்டி பழைய இரும்பாகக் குவிவதும் இங்கே.

இவற்றின் நடுவே வாழ்ந்தும், நாள்தோறும் இவற்றைக் கடந்து கலாசாலைக்கு வந்தும், நம்மில் எத்துணைப்பேர் ஒரு டிரெய்லரை உற்று நோக்கியிருக்கின்றோம்? துறைமுக வாயிலை நோக்கி வரிசை வரிசையாக நிற்கும் அவ்வண்டிகளைக் கண்டு, பஸ் தாமதமாயிற்றே என்று சலித்துக்கொள்கின்றோமன்றி, இழுக்கும் வண்டியும் இழுபடும் வண்டியும் எவ்விடத்தே, எதனால் இணைக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்டறிந்ததில்லை. இவ்வறியாமை வெறும் புத்தகக் குறை மாத்திரமன்று. தெருமுனையில் டிரெய்லர் திரும்புங்கால் அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்திற் செல்லாமல் உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும் என்பதை அறியாமல், ‘முன்பாகம் போய்விட்டதே’ என்று நம்பிச் சைக்கிளோடு ஓரத்தில் நிற்கின்றவனுக்கு அது உயிர்க்குறையாகவும் முடியக்கூடும். ஆதலின் நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறிதாயினும் அதனோடு பிணைந்த காரியம் சிறிதன்று.

இனி, செய்யும் முறையைச் சிறிது விரித்துரைப்போம். நாமும் நம் தோழர் சிலரும் கூடி இத்தகைய டிரெய்லர் ஒன்றைச் செய்து முடித்தோமாதலின், கண்டதையும் கைப்பட்டதையுமே எழுதுகின்றோம்.

முதற்கண் வேண்டுவது அளவு. ரேடியோ லாரிகளிற் பெருவழக்காயுள்ளது பதினான்கில் ஒன்று என்னும் அளவாம். ஜப்பானிய டாமியா நிறுவனத்தார் வெளியிடும் லாரி மாதிரிகள் இவ்வளவினவே. நாற்பதடிக் கண்டெய்னரின் நீளம் 12,192 மில்லிமீட்டர், அகலம் 2,438, உயரம் 2,591. இவற்றைப் பதினான்கால் வகுக்க, முறையே 871, 174, 185 மில்லிமீட்டர் ஆகின்றன. இழுக்கும் வண்டியோடு டிரெய்லரைப் பிணைக்கும் ‘கிங் பின்’ என்னும் இரும்பு முளை, பொதுவாக இரண்டு அங்குலக் கனமுடையது, அதாவது 50.8 மில்லிமீட்டர். பதினான்கால் வகுத்தால் ஏறக்குறைய 3.6 வரும். கடையிற் கிடைக்கும் 4 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றைச் சிறிது அரம் போட்டுத் தேய்த்தால் அம்முளை ஆயிற்று. பல டன் எடையை இழுத்துச் செல்லும் வண்டியின் பிணைப்பு முழுவதும் நம் மணிக்கட்டினும் குறுகிய ஒரு முளையில் நிற்கின்றது என்னும் உண்மை, வகுத்தற் கணக்குப் போட்ட அன்றுதான் நம் மனத்திற் பதிந்தது.

இரண்டாவது வேண்டுவது பொருள். சென்னை மக்கள் ‘காயலான் கடை’ என்று வழங்கும் பழம்பொருட் கடைகளே நமக்குச் சுரங்கம். ஜன்னல் சட்டம் செய்கின்றவர் வெட்டிக் கழித்த அலுமினியத் துண்டுகள் இரண்டு, வண்டியின் நெடுஞ்சட்டங்களாயின. உடைந்த பிரின்டர் யந்திரத்தினுள் அச்சுத்தலை ஓடுதற்கென்று இருக்கும் வழவழப்பான எஃகுத் தண்டு, 8 மில்லிமீட்டர் கனமுள்ளதாகக் கிடைப்பின், சக்கர அச்சுக்கு மிகப் பொருத்தமானது. என்னை? பிள்ளைகள் காலில் மாட்டிச் சறுக்கும் ஸ்கேட்டிங் காலணிச் சக்கரங்களின் பேரிங்குகட்கு உள்துளை 8 மில்லிமீட்டரும் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டருமாம். தண்டும் பேரிங்கும் ஒன்றற்கென்றே மற்றொன்று செய்தாற்போல இணங்கும். தேய்ந்த ரப்பர்ச் செருப்புகளை 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டங்களாக அறுத்து, இரண்டிரண்டாக ஒட்டி டயராக்கினோம். அச்சொன்றுக்கு நான்காக மூன்று அச்சுக்குப் பன்னிரண்டு சக்கரம்.

துறைமுகப் பகுதியில் மரப்பெட்டிகளைச் சுற்றிக் கட்டும் எஃகுப் பட்டை குப்பையோடு குப்பையாகக் கிடக்கும். அதனைத் துண்டு துண்டாக, நீண்டதன்மேற் குறுகியதாக அடுக்கிக் கட்டினால், உண்மை லாரியில் உள்ளது போன்ற வில்பட்டை அமைகின்றது. பட்டையின் ஓரம் கத்தி போல் அறுக்குமாதலின் அதனை அரத்தால் மழுக்கிய பின்னரே கையாளுதல் வேண்டும். பதினைந்து கிலோ எண்ணெய் டின்களைப் பிரித்து விரித்த தகடுகளை இரண்டு கம்பிகளுக்கிடையே அழுத்தி மடிப்பு மடிப்பாக்கி, விளிம்புகளை ஈயத்தாற் பற்றவைக்கக் கண்டெய்னர் உருவாயிற்று. இழுக்கும் வண்டி கழன்று சென்ற பின் டிரெய்லரைத் தாங்கி நிற்கும் முன்கால்களை ஏற்றி இறக்க, பழைய சிடி டிரைவுக்குள் இருக்கும் சிறு மோட்டாரும் அதன் திருகுத்தண்டும் உதவின. கெட்டுப்போன டார்ச்சு விளக்கிலிருந்து எடுத்த சிறு விளக்குகள் பின்புறச் சிவப்பு விளக்குகளாயின.

உதிரிப் பொருளைக்கொண்டு செய்தலின் தனிச்சிறப்பை ஈண்டு எடுத்துரைத்தல் வேண்டும். கடையில் விற்கும் பெட்டியில் எல்லாப் பாகங்களும் எண்ணிட்டு, துளையிட்டு, எதனை எதனோடு மாட்டுவதென்னும் படத்தோடு வருகின்றன. அதனைச் சேர்ப்பவன் பிறரொருவர் சிந்தித்து முடித்ததைத் திரும்ப நடத்துகின்றான். அவனுக்குப் பொறுமை வளரும், கைத்திறனும் ஓரளவு வளரும். குப்பையிற் கண்ட தண்டு ஒன்றைக் கையிலெடுத்து, ‘இஃது எதற்காகச் செய்யப்பட்டது? எவ்வளவு வளையும்? எதனோடு இணங்கும்?’ என்று கேட்கின்றவனோ, அப்பொருளைப் படைத்தவனுடைய கருத்தைப் பின்னோக்கி ஆராய்கின்றான். ஒவ்வொரு பாகத்திற்கும் ஒரு காரணம் உண்டு என்னும் அறிவு அவனுக்கு உண்டாகின்றது. விஞ்ஞானத்தின் தொடக்கம் இதுவன்றோ?

இதனால் அறியலாகும் பாடங்களுள் மூன்றை மாத்திரம் கூறுவோம்.

முதலாவது, வளைவுப் பாடம். கிங் பின் செல்லும் வட்டத்தின் ஆரத்தைக் கர்ணமாகவும், கிங் பின்னிலிருந்து பின்சக்கரத் தொகுதியின் நடுவரை உள்ள நீளத்தை ஒரு புயமாகவும் கொண்டு செங்கோண முக்கோணம் வரைந்தால், எஞ்சிய புயமே பின்சக்கரங்கள் செல்லும் வட்டத்தின் ஆரம். இழுக்கும் வண்டி 12 மீட்டர் ஆரத்தில் சுற்றிச் சுற்றி வருவதாகவும், டிரெய்லரின் அந்நீளம் 8 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். பன்னிரண்டின் வர்க்கம் 144, எட்டின் வர்க்கம் 64, வித்தியாசம் 80, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 8.94. ஆகவே பின்சக்கரங்கள் முன்தடத்தினின்றும் மூன்று மீட்டருக்குச் சற்று மேலாகவே உள்ளே நகர்ந்து வருகின்றன! முழுவட்டம் சுற்றாது தெருமுனையில் ஒருமுறை திரும்புங்கால் இது சிறிது குறையும். எனினும் ஒரு மனிதனும் அவனது சைக்கிளும் அகப்படுதற்கு அது போதும். இவ்வுண்மை சிறு வண்டியிலும் பிசகாது நிற்கும். தரையிற் சாக்குக்கட்டியால் 857 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்து அதன்மேல் நமது லாரியை ஓட்டினால், டிரெய்லரின் பின்சக்கரங்கள் 218 மில்லிமீட்டர் உள்ளே வெட்டி வருதலைக் கண்ணாரக் காணலாம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பிதாகொரஸ் தேற்றம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உயிர்காக்கும் தேற்றமாக மாறுவதை அப்பொழுது உணர்வோம்.

இரண்டாவது, வலிமைப் பாடம். ‘நம் சிறுவண்டி இத்துணை உறுதியாக இருக்கின்றதே; இதே வடிவத்திற் பெரிதாகச் செய்தால் அதுவும் இத்துணை உறுதியாகவே இருக்கும்’ என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் பிழையென்று கலிலேயோ தமது ‘இரு புதிய விஞ்ஞானங்கள்’ என்னும் நூலில் 1638-லேயே காட்டிவிட்டார். நீளம் பதினான்கில் ஒன்றாகக் குறையும்பொழுது, பாரந்தாங்கும் வெட்டுப்பரப்பு 196-இல் ஒன்றாகவும், எடை 2,744-இல் ஒன்றாகவும் குறைகின்றன. எடை மிகுதியாகக் குறைவதால் சிறுவண்டி தன் பாரத்தைப் பதினான்கு மடங்கு எளிதாகத் தாங்குகின்றது. சரக்கோடு கூடிய 30,480 கிலோ எடையுள்ள கண்டெய்னருக்கு நம் அளவில் ஈடானது 11 கிலோ மாத்திரமே. அதனைச் செருப்பு ரப்பரும் ஜன்னல் சட்டமும் தாங்கிவிடுகின்றன என்று கொண்டு, பெரிய வண்டிக்கும் அவ்வளவே போதும் என்று எவரேனும் முடிவு செய்வாராயின் அவ்வண்டி முதல் நாளே முறிந்து விழும். மாதிரியிலிருந்து கற்கலாவது எது, கற்கலாகாதது எது என்று பகுத்தறிதலே மாதிரி செய்தலின் தலையாய பயன். அணைக்கட்டுகளின் மாதிரிகளைச் செய்து நீரை ஓடவிட்டு ஆராயும் நிலையம் ஒன்று நம் சென்னைக்கு அணித்தாகிய பூண்டியிலேயே இருக்கின்றது. அங்கே பெரியோர் செய்வதும், சிறிதிற் கண்டதைப் பெரிதிற்கு எவ்வாறு கணக்கிட்டு ஏற்றுவதென்னும் இவ்வாராய்ச்சியையே தழுவியது.

மூன்றாவது, கவிழும் பாடம். சக்கரம் சறுக்காத வரையில், வளைவில் ஒரு வண்டி கவிழும் வேகம் அதன் எடையைப் பொறுத்ததன்று. பாரத்தின் நடுப்புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கின்றது, சக்கரங்களின் இடையகலம் எவ்வளவு, வளைவின் ஆரம் எவ்வளவு என்பவற்றையே பொறுத்தது. அளவெல்லாம் பதினான்கில் ஒன்றாகும்பொழுது கவிழும் வேகம் பதினான்கின் வர்க்கமூலமாகிய 3.74-இல் ஒன்றாகும். மணிக்கு 30 கிலோமீட்டரிற் கவிழக்கூடிய வண்டிக்கு நம் தரையில் ஈடான வேகம் 8 கிலோமீட்டர். தகரப் பெட்டியினுள் அடியில் மணல் மூட்டை வைத்து ஒருமுறையும், அதே மூட்டையைப் பலகையிட்டு மேலே வைத்து ஒருமுறையும் ஓட்டினால், எடை மாறாதிருக்கவும் இரண்டாவது முறை வண்டி விரைவிற் சாய்தலைக் காணலாம். பெட்டியின் நான்கு மூலைகளையும் வண்டியோடு பிணைக்கும் பூட்டுகளைத் திறந்துவிட்டு ஓட்டினால், வண்டி நிற்கப் பெட்டி மாத்திரம் உருண்டு விழும். அப்பூட்டுகளைப் பூட்டாமற் செல்லும் பெரிய வண்டியின் அருகே செல்வோர் நிலை யாதாகும் என்பதை விரித்துரைக்க வேண்டா.

இனி, இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஆக்ஷேபங்களைச் சிறிது ஆராய்வோம்.

‘பரீக்ஷைக்குப் படிக்கும் காலத்தை இப்பொம்மை விழுங்கிவிடுமே’ என்பர் சிலர். காலத்தை விழுங்குதற்குக் கைப்பேசி ஒன்றே போதியதாயிருக்க, பொம்மையின்மேற் பழி சுமத்துதல் நியாயமன்று. வாரத்தில் ஒரு மாலைப்பொழுது இதற்குப் போதும். அப்பொழுதும் கணிதமும் பௌதிகமும் கூடவே பயிலப்படுகின்றன.

‘தொழிற்பயிற்சிப் பள்ளிகளும் பொறியியற் கல்லூரிகளும் இருக்க, கலையும் விஞ்ஞானமும் பயிற்றும் நம் கலாசாலைக்கு இஃது எதற்கு?’ என்பர் வேறு சிலர். நாம் எவரையும் மெக்கானிக் ஆக்க முயலவில்லை. சரித்திரம் படிக்கின்றவனும், பொருளாதாரம் படிக்கின்றவளும், தமிழ் படிக்கின்றவரும் தம்மைச் சூழ்ந்த உலகம் எவ்வாறு இயங்குகின்றதென்பதை ஒருமுறையேனும் விரலாற் தொட்டறிய வேண்டுமென்றே விரும்புகின்றோம். வாணிபம் படிக்கும் மாணாக்கன் ‘போக்குவரத்துச் செலவு’ என்னும் சொல்லை நூறுமுறை எழுதுகின்றான். அச்செலவு ஓடுகின்ற சக்கரத்தை ஒருமுறையும் தொட்டதில்லை. இது முழுக்கல்வியாகுமா?

மூன்றாவது ஆக்ஷேபம் சற்று ஆழமானது. ‘குப்பையைக் கொண்டு செய் என்பது ஏழைமைக்குப் புகழ்பாடுவதாகும், செல்வர் பிள்ளைகள் நல்ல கருவிகளோடு பயில, நம் பிள்ளைகள் மாத்திரம் ஏன் செருப்பை அறுக்க வேண்டும்?’ என்பர். இதனை நாம் அலட்சியம் செய்யவில்லை. இல்லாமை போற்றத்தக்கதன்று. நல்ல அரமும், உறுதியான வைஸும், கூரிய ஹேக்ஸாவும், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தல் கலாசாலையின் கடமை. கருவியிற் சிக்கனம் காட்டலாகாது. பொருள் மாத்திரமே பழம்பொருளாயிருத்தல் வேண்டும் என்கின்றோம். அதுவும் விலை குறைவென்பதற்காகவன்று, அறிவு மிகுதியாக விளையும் என்பதற்காகவே. அன்றியும், வீங்கிய லித்தியம் பேட்டரி, பழைய டெலிவிஷன் படக்குழாய் முதலியவற்றைப் பிரிக்கலாகாதென்றும், செம்புக்காக ஒயரைக் கொளுத்தலாகாதென்றும் முதல் நாளே விதித்துவிட வேண்டும். அப்புகையைச் சுவாசித்துப் பிழைக்கும் எளியோர் நம் நகரில் உளர். அத்துன்பத்தை விளையாட்டாக நடித்துக் காட்டுதல் நமக்கு அழகன்று.

விளையாட்டுப் பொருளினின்றும் பெருந்தொழில் பிறக்குமோ என்று ஐயுறுவார்க்கு நம் திருவொற்றியூரே விடை கூறும். 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பார் அவ்வூரில் ஒரு சிறு கொட்டகையிற் குழந்தைகள் ஊதும் ரப்பர் பலூன் செய்யத் தொடங்கினார். அக்கொட்டகையே பின்னர் டயரின் மேல்ரப்பர் செய்வதாகவும், அதன்பின் டயரே செய்வதாகவும் வளர்ந்து, எம்.ஆர்.எப். என்னும் பெருநிறுவனமாயிற்று. பலூனிற் பழகிய ரப்பர், லாரியைத் தாங்கும் ரப்பராக வளர்ந்தது. அதே 1946-இல் ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில் மரம் அறுத்து விற்கும் கடையாகத் தொடங்கியது டாமியா. மரத்தால் மாதிரிகள் செய்யப் புகுந்து, அம்மாதிரிகளே முழுத்தொழிலாக மாறி, இன்று உலகெங்கும் அதன் பெயர் வழங்குகின்றது. ஓரிடத்தில் விளையாட்டுப் பொருள் பெருவண்டிக்கு வழி காட்டிற்று. மற்றோரிடத்தில் மரத்தொழில் விளையாட்டுப் பொருளுக்கு வழி காட்டிற்று. இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லையென்பது இதனாற் பெறப்படும்.

இந்நாட்டிலேயே மற்றுமோர் உதாரணம் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யிற் பயின்று, லாரி செய்யும் டெல்கோ நிறுவனத்திற் பணிபுரிந்த அரவிந்த் குப்தா என்பார், 1978-இல் விடுப்புப் பெற்று ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் விஞ்ஞானக் கல்வித் திட்டத்திற் சேர்ந்தார். தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழாயும் கொண்டு அவர் செய்துகாட்டிய விளையாட்டுக் கருவிகள் எண்ணிறந்த பிள்ளைகட்கு விஞ்ஞானத்தின் கதவைத் திறந்தன. 2018-இல் அரசாங்கத்தார் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தனர். பெரிய லாரி செய்தவர் சிறிய பொம்மைக்கு இறங்கினார் என்று அவரை எவரும் இகழ்ந்திலர்.

ஆதலின் நமது கலாசாலையார் முன்னிலையில் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று, பயன்படாது கிடக்கும் அறையொன்றை இம்முயற்சிக்கென ஒதுக்கி, வேண்டிய கருவிகளை வாங்கி வைத்து, பௌதிக ஆசிரியர் ஒருவரை மேற்பார்வைக்கு நியமித்தல். இரண்டு, ஆண்டுதோறும் மாணாக்கரும் மாணவியரும் குழுக்குழுவாகப் பதினான்கில் ஒன்றளவுள்ள டிரெய்லர் செய்து போட்டியிடுதல். செலவிட்ட பணம் குறைந்த குழுவுக்கன்று, உண்மை வண்டியை அளந்து வரைந்த படத்தோடு மிக நெருங்கிய குழுவுக்கே முதலிடம். அளத்தலைச் சாலையிலன்றி, நிறுத்தி வைக்கும் முற்றங்களில், உடையவர் அனுமதியோடு செய்தல் வேண்டும். மூன்று, துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் நம் முன்னாள் மாணாக்கர் தங்கள் நிறுவனத்தின் இசைவு பெற்றுக் கழிபொருள்களை அனுப்பியுதவுதல். பழைய மாணாக்கர் விருந்தன்று பெரிய காசோலை கொடுத்தலினும், ஒரு சாக்கு நிறையப் பழைய பேரிங்கு கொணர்தல் நமக்கு உவப்பாகும்.

நான்காவது வேண்டுகோளையே நாம் மிக முக்கியமாகக் கருதுகின்றோம். போட்டிக்கு நடுவராகப் பேராசிரியரை அழைத்தல் வேண்டா. டிரெய்லர் ஓட்டுநர் இருவரை அழைத்தல் வேண்டும். கூடத்துத் தரையிற் சாக்குக்கட்டியால் நாற்சந்தி ஒன்றை அளவு பிசகாது வரைந்து, அவர்கள் முன்னிலையில் நம் மாணாக்கர் வண்டியைத் திருப்பிக் காட்டட்டும். பின்னோக்கி ஓட்டி மேடையருகே நிறுத்திக் காட்டட்டும். டிரெய்லரைப் பின்னோக்கி வலப்புறம் திருப்ப வேண்டின், திருப்புவளையத்தை முதலில் இடப்புறம் திருப்ப வேண்டும். கை நினைப்பதற்கு நேர்மாறாக வண்டி செல்லும். இதனைச் சிறு லாரியில் ஒருமுறை முயன்றவன், நள்ளிரவில், நெருக்கடியான முற்றத்தில், நாற்பதடிப் பெட்டியோடு ஒரே முயற்சியில் பின்னே கொணர்ந்து நிறுத்தும் ஓட்டுநரை இனி ஒருமையில் அழைக்க மாட்டான். ‘ஐயா, இதனை எங்ஙனம் செய்கின்றீர்கள்?’ என்றே கேட்பான். அவரும் தம் தொழிலைக் கலாசாலை ஒன்று கற்கத்தக்க கலையென மதித்ததை அறிந்து மகிழ்வார்.

இதுவே நமது கருத்தின் சாரம். வடசென்னையின் சாலைகளில் அறிவும் உழைப்பும் ஒன்றையொன்று பாராமல் எதிரெதிரே கடந்து செல்கின்றன. பஸ்ஸில் இருப்பவன் புத்தகத்தைப் பார்க்கின்றான். லாரியில் இருப்பவர் சாலையைப் பார்க்கின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தற்கு ஒரு காரணம் வேண்டும். அக்காரணமாக நிற்க எண்ணெய் டின்னும் செருப்பு ரப்பரும் நான்கு மில்லிமீட்டர் போல்ட்டும் போதும் என்று நாம் நம்புகின்றோம். நமது கலாசாலையின் அடுத்த ஆண்டறிக்கையில், விளையாட்டுக் கழகத்தின் வெற்றிகளோடும் பரீக்ஷைத் தேர்ச்சிகளோடும், இவ்வறையில் ஓடிய சிறுதேர்களின் கணக்கும் இடம்பெறும்படி ஆசிரியர்களும் மாணாக்கர்களும் முன்வருவார்களாக.